வியாழக்கிழமை மாடியறை

"உள்ளாற அப்படி என்னதான் பேசுவீங்க?"

"அதச் சொல்லக்கூடாதுங்க. மத்தவங்க மனசு அது."

"நான் மத்தவனா?"

"இந்த விசயத்துல ஆமாங்க," என்று சிரித்துவிட்டாள் தேன்மொழி.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்த பேச்சு அது. அவள் கணவன் அர்த்தனாரிக்கு இன்னும் நெருஞ்சி முள்ளாய்க் குத்தியது.

மலையூரான செம்மேட்டில் உரக்கடை மாடியில் அவள் வேலை பார்க்கும் மனநல ஆலோசனை அறை. வாடகையும் தேன்மொழியின் சம்பளமும் ஓர் அறக்கட்டளை தருகிறது. அவளுக்குப் பயிற்சி கொடுத்த உளவியலாளர் சங்கம் வியாழன்தோறும் சேலத்திலிருந்து மூத்த ஆலோசகர் ஓம்பிரகாஷை அனுப்புகிறது. ஆலோசனைக்கு வந்தவர்கள் போனதும் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவார்கள். அவளை வீட்டுக்குக் கூட்டிப்போகக் கீழே மிளகு மூட்டை வண்டியில் அர்த்தனாரி காத்துக் கிடப்பான்.

உரக்கடை ராசு விடுவானா? "ஏம் மாப்ள, வாடகை அறக்கட்டளை குடுக்குது, வாத்தியாரச் சங்கம் அனுப்புது. வாட்ச்மேன் நீயா?"

அந்த வியாழன் மாடியிலிருந்து அவள் சிரிப்பு கேட்டது. வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! வந்தால் சமைப்பாள், சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். அவனும் எதையோ கேட்க வாயெடுத்து, "சாப்பிட்டியா?" என்று முடித்துக்கொள்வான்.

விறுவிறுவென்று படியேறிக் கதவைத் தள்ளினான். வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"எனக்கும் மனசு சரியில்ல. கேளு."

தேன்மொழி பதறினாள். "ஏனுங்க, சொந்தக்காரங்கள நாங்க பாக்கக்கூடாது. சங்கத்து விதிங்க."

"நான் கேக்கறேனுங்க," என்றார் ஓம்பிரகாஷ்.

"உங்களப் பத்தித்தான் சார் பேசோணும்! கதவச் சாத்திட்டு என்ற சம்சாரத்துகிட்ட அப்படி என்ன பேச்சு?"

அவருக்குக் கோபம் வரவில்லை. "பேசறது அவங்கதாங்க. ஊர்க் கவலையெல்லாம் கேக்கறவங்க அத எங்கயாச்சும் இறக்கி வைக்கணும். அதக் கேக்கத்தான் சங்கம் என்னை அனுப்புது, அறக்கட்டளை பஸ் செலவு கொடுக்குது."

பொறாமை தணியவில்லை, இடம்தான் மாறியது. சுமையை இறக்கி வைக்க அவளுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்திருக்கிறது. அந்த ஆள் அவன் இல்லை.

அன்று வீடு திரும்ப, சோளக்காடு ஊருக்குப் போகும் வழியில் அர்த்தனாரி வண்டியை ஓரங்கட்டினான்.

"என்னங்க?"

ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னான்: "ஊரார் சேதி எனக்கு வேண்டாம், தேனு. உன்ற பயம், உன்ற அழுகை, அத எங்கிட்டயும் சொல்லு. பதில் சொல்லத் தெரியாது எனக்கு. பக்கத்துல உக்காந்து கேட்டுக்கறேன்."