மாதேஸ் பார்த்த மாப்பிள்ளை

ஜலதோஷத்துக்கு மாத்திரை வாங்க வந்தவர்கூட, கல்யாணம் எப்போது என்று கேட்டுவிட்டுப் போனார். அப்போதுதான் தன் அண்ணன் ஊருக்குள் என்ன வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது சுமித்ராவுக்கு முழுதாக விளங்கியது.

சுமித்ரா கடத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் மருந்துக்கடை வைத்திருந்தாள். நாற்பதைத் தாண்டியவள். ஊத்தங்கரையில் ஒரு குடிகாரனோடு வாழ்ந்து பார்த்து, கோர்ட்டில் விவாகரத்து வாங்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். கீழ் வீட்டில் அம்மா செல்லம்மாளும் அண்ணன் மாதேஸும் அண்ணி காவேரியும் இருந்தார்கள். மாடியில் அவள் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டாள். ஒருமுறை கெடுத்தாகிவிட்டது, இனியாவது தன் வாழ்க்கையில் கை வைக்க மாட்டார்கள் என்று நம்பியிருந்தாள்.

ஜெயபால் ஊர் திரும்பியதும் அந்த நம்பிக்கை போயிற்று. ஓசூரில் பேக்கரி நடத்தியவன், மனைவி இறந்த பிறகு அதை விட்டுவிட்டு கம்பைநல்லூர்ப் பக்கம் தோட்டம் வாங்கி, மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கியிருந்தான். ஒரு நாள் அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை வேண்டுமென்று சுமித்ராவின் கடைக்கு வந்தான். அதன்பின் வாரம் தவறாமல் வந்தான். அந்த மாத்திரை கம்பைநல்லூரிலேயே கிடைக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேருமே அதைச் சொல்லவில்லை.

கல்லூரிக் காலத்தில் ஒரே பஸ்ஸில் தர்மபுரி போய் வந்தவர்கள் அவர்கள். சாதியும் ஒன்றுதான். ஆனால் ஜெயபால் வீட்டுக்கு அன்றைக்குச் சொந்த நிலம் கிடையாது. வேண்டாம் என்று சொல்ல மாதேஸுக்கு அது போதுமானதாக இருந்தது. சேலத்துக்குப் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம் என்று இருவரும் பொம்மிடி ஸ்டேஷனில் நின்றபோது, மாதேஸ் சொந்தக்காரர்களோடு வந்து பிளாட்பாரத்தில் எல்லோரும் பார்க்க ஜெயபாலை அறைந்தார். ஜெயபால் ஒரு வார்த்தை பேசவில்லை. வந்து நின்ற ரயிலில் தனியாக ஏறிப் போனான். அரளி விதையை அரைத்துக் குடித்துவிடுவேன் என்று அம்மா வீட்டில் உட்கார்ந்து அழுதாள். அந்த வருடமே ஊத்தங்கரை மாப்பிள்ளை வந்தான்.

இப்போது அந்தக் கதையை மாதேஸ் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். பையன் தங்கமானவன் என்று தான் அப்போதே சொன்னதாகவும், வீட்டுப் பெண்கள்தான் கேட்கவில்லை என்றும் டீக்கடையில் சொன்னார். பங்காளிகளிடம் சொன்னார். அம்மாவிடமே சொன்னார். அம்மாவும் தலையாட்டினாள். அதோடு நிற்காமல் பட்டுப்புடவை ஒன்றை எடுத்து வந்து மாடிக்குக் கொடுத்தனுப்பினாள். அண்ணி ஜாக்கெட் அளவு கேட்டாள். ஜெயபால் இன்னும் தன்னிடம் எதையும் கேட்கவில்லை, தானும் எதையும் சொல்லவில்லை என்று சுமித்ரா மூன்று பேரிடமும் தனித்தனியாகச் சொல்லிப் பார்த்தாள். அதையெல்லாம் அண்ணன் பேசி முடித்துவிடுவார் என்று மூன்று பேருமே, மாதேஸ் உட்பட, பதில் சொன்னார்கள்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு ஜெயபாலின் தோட்டத்துக்கே போனாள். அங்கே மாதேஸ் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஜெயபால் அவரை மச்சான் மச்சான் என்று கூப்பிட்டு, சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு வருவதைப் பற்றி யோசனை கேட்டுக்கொண்டிருந்தான். தங்கையைப் பார்த்ததும் மாதேஸ், நீங்கள் பேசுங்கள் என்று பெரிய மனசோடு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"அவரு உன்னைய அடிச்சாரு" என்றாள் சுமித்ரா. அவன் ஊர் திரும்பிய நாளிலிருந்து அவனை நீங்க என்றுதான் கூப்பிட்டிருந்தாள். கோபத்தில் பழைய நீ வந்துவிட்டது.

ஜெயபால் சிரித்தான். "அது ஆச்சு, எத்தனையோ வருசம். நானே மறந்துட்டன். நீ எதுக்கு அதையே புடிச்சிட்டிருக்கற?"

"நீ மறப்ப. நீ ரயில் ஏறிட்ட. நான் அவரு வண்டியிலயே பின்னாடி உக்காந்து வூட்டுக்குப் போனன். அங்கிருந்து ஊத்தங்கரைக்குப் போனன். அன்னிக்கும் நீ வாயத் தொறக்கல. இன்னிக்கும் அவருக்கு எளநி சீவிக் குடுக்கற."

அவன் சிரிப்பு நின்றது. ஏதோ சொல்ல வந்தான். அவள் கேட்கக் காத்திருக்கவில்லை. ரோட்டுக்கு வந்து பஸ் ஏறிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, இத்தனை வருடமாகத் தன் ஆத்திரம் அண்ணன் மேல் மட்டும் இருக்கவில்லை என்று.

அதன்பின் ஜெயபால் மாத்திரை வாங்க வரவில்லை. வீட்டில் அதற்கும் அவளைத்தான் குற்றம் சொன்னார்கள். தான் அரும்பாடுபட்டுப் பார்த்த மாப்பிள்ளையைத் தங்கை விரட்டிவிட்டாள் என்று மாதேஸ் சாப்பாட்டை ஒதுக்கினார். அம்மா மாடிப்படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். சுமித்ரா ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கீழே இறங்கியவள், கூடத்தில் இலை போட்டிருப்பதைப் பார்த்தாள். பங்காளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஜெயபாலும் அவன் அப்பாவும். மாதேஸ் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விருந்து வைத்து, தை மாதத்தில் தேதி பார்த்து, மண்டபத்துக்கும் சொல்லிவிட்டிருந்தார். கத்திவிட வேண்டும் என்றுதான் சுமித்ராவுக்குத் தோன்றியது. அதற்குள் மாதேஸ் எழுந்து நின்று, நல்ல பையன் என்று தனக்கு அன்றைக்கே தெரியும், நேரம்தான் கூடி வரவில்லை என்று பங்காளிகளுக்குச் சொல்லத் தொடங்கினார்.

ஜெயபால் இலையிலிருந்து கையை எடுத்தான்.

"மச்சான், அப்பிடிச் சொல்லாதீங்க. அன்னிக்குப் பொம்மிடி ஸ்டேஷன்ல நீங்க என்னைய அடிச்சீங்க. நான் பயந்துட்டு இவள விட்டுட்டுப் போயிட்டன். நடந்தது அதுதான். தேதிய நீங்களும் நானும் சொல்ல வேணாங்க. அவ சொல்லட்டும்."

ரசம் ஊற்ற வந்த காவேரி பாத்திரத்தோடு அப்படியே நின்றாள். பங்காளிகள் தலையைக் குனிந்து மும்முரமாகச் சாப்பிட்டார்கள். மாதேஸ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கமாக மோட்டார் கொட்டகைக்குப் போய்விட்டார். வந்தவர்கள் முன்னால் மானம் போய்விட்டதே என்று அம்மா அழ ஆரம்பித்தாள்.

"இவரு இன்னும் என்னையக் கேக்கவே இல்ல" என்றாள் சுமித்ரா, பொதுவாக எல்லோருக்கும்.

"கேக்கறன்" என்றான் ஜெயபால்.

"இங்க வேணாம். வெளிய வா."

தெருவில் வெயில் கொளுத்தியது. பால் சொசைட்டிச் சுவர் நிழலில் நின்றார்கள். ஜன்னலில் அண்ணியின் தலையும் இன்னும் இரண்டு தலைகளும் தெரிந்தன. சோற்றுக் கையோடு ஜெயபால் கேட்டான். இப்படிக் கழுவாத கையோடுதான் கேட்க வேண்டுமா என்று அவள் திட்டினாள். பிறகு சரி என்றாள். மண்டபம் வேண்டாம், ரெஜிஸ்டர் ஆபீஸ் போதும், கடையை மூட மாட்டேன் என்றும் சொன்னாள். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். தலையாட்டாமல் வாயால் சொல்லச் சொன்னாள். சொன்னான்.

தையில் கல்யாணம் நடந்தது. அம்மா வந்து, தான் எடுத்த பட்டுப்புடவையை அவள் கட்டவில்லை என்று மட்டும் குறைபட்டுக்கொண்டாள். மாதேஸ் வரவில்லை.

மாசியில் பட்டுக்கூடு எடுக்கும் நாளன்று, யாரும் கூப்பிடாமலே தோட்டத்துக்கு வந்தார். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, மற்றவர்களோடு உட்கார்ந்து சாயங்காலம் வரை கூடு எடுத்தார். டீ குடிக்கும்போது டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அன்னிக்கு ஸ்டேஷன்ல கூட்டமா இருந்துச்சு. எல்லாரும் பாத்தாங்க. அதான் எனக்கு ஆத்திரம் வந்துருச்சு."

இத்தனை வருடம் காத்திருந்ததற்கு இதுதானா என்று சுமித்ராவுக்குச் சலிப்பாக வந்தது.

"இது மன்னிப்பு இல்லீங்கண்ணா" என்றாள்.

மாதேஸ் டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கு அவ்வளவுதான் வருது, சுமி" என்றார்.

அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. எரிச்சல் போகவில்லை. ஆனாலும் அவரைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். அவர் இருந்து சாப்பிட்டார். குழம்பில் உப்புக் கம்மி என்று ஜெயபாலிடம் சொன்னார். ஜெயபால் சுமித்ராவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, உப்பு சரியாகத்தான் இருக்கிறது மச்சான் என்றான்.