கைப்பிடியைத் தொடாமல்

அந்தக் கோடையில் எங்கள் தரைத்தள வீட்டில் இருந்தவர்கள்: நான், அக்காவின் மகள், அவளுடைய தம்பி. இல்லாதவர்கள்: தொற்று வார்டில் நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டு மருத்துவமனை விடுதியிலேயே தங்கிவிட்ட அக்கா, லாரியோடு எங்கோ எல்லையில் மாட்டிக்கொண்ட அத்தான்.

எனக்குப் பார்சல் கிடங்கில் இரவு ஷிப்ட். கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்கு அது போதும். விடிந்து வீடு வந்ததும் தூங்க வேண்டும். ஆனால் பிள்ளைகள் கண் விழிக்கிற நேரமும் அதுதான்.

பெரியவளுக்கு அதற்கு முன்பே கால் உடைந்திருந்தது. பள்ளிக்கூடங்களை மூடிய வாரத்தில்தான் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கால் குச்சிபோல் இருந்தது. முழங்கால் மடங்க மறுத்தது. பயிற்சி கொடுக்கிற இடமும் மூடியாயிற்று. அங்கிருந்த பெண் போனில் சொன்னார்: "தினமும் படி ஏறி இறங்கணும். இந்தக் கோடையை விட்டுட்டா அப்புறம் கால் இப்படியே நின்னுடும். கைப்பிடியைக் கெட்டியாப் பிடிச்சுக்கச் சொல்லுங்க."

குடியிருப்புச் சங்கம் படிக்கட்டுச் சுவரில் ஒட்டியிருந்தது: 'கைப்பிடியைத் தொடாதீர்கள்.'

ஒற்றைக் காலில் நின்றதால் அவளுக்குக் கொக்கு என்று பெயர் வைத்தவன் தம்பி. வாய் ஓயாததால் அவனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவள் அவள். இரண்டும் பொருத்தமான பெயர்கள்.

"எதுக்கு ஏறணும்? மேல என்ன இருக்கு?" என்று கேட்டாள் கொக்கு.

நியாயமான கேள்வி. காரணம் இல்லாமல் ஏறச் சொன்னால் நானும் ஏறமாட்டேன். எனவே ஒரு வேலை ஏற்பாடு செய்தேன்.

"மேல மூணு வீட்டுச் சாமானும் கேட் பக்கத்துலயே கிடக்கு. லிஃப்டை நிறுத்திட்டாங்க. யாராவது கொண்டுபோய்க் கொடுக்கணும்."

"சம்பளம்?"

"வேலை கத்துக்கறவங்களுக்குச் சம்பளம் கிடையாது."

"உனக்கும் இன்னும் அப்படித்தானா மாமா?"

முதல் மாடியில் முகக்கவசம் தைத்துக்கொண்டிருந்த தையற்காரம்மா. இரண்டாவதில் கல்யாணங்கள் நின்றுபோனதால் சும்மா இருந்த போட்டோக்காரர். மூன்றாவதில் பல் டாக்டர். கிடங்கில் சொல்லிக்கொடுத்த முறைப்படி முதுகுப்பையை நிரப்பினேன்: கடைசியில் இறக்க வேண்டியது அடியில், முதலில் இறக்க வேண்டியது மேலே. மாடிக்கு மாடி கனம் குறைந்துகொண்டே போகும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஏறும்போது அவளுக்குப் பின்னால் நான். இறங்கும்போது ஒரு படி முன்னால் நான், என் தோளில் அவள் கை. கைப்பிடி இனி நான்தான். ரேடியோ கீழே நின்று வர்ணனை செய்தான்: "இதோ, கொக்கு காலைத் தூக்குகிறார்! மாமா கொட்டாவி விடுகிறார்! கொக்கு முன்னேறுகிறார்!"

கதவுகள் திறக்கத் தொடங்கின. தையற்காரம்மா எட்டிப் பார்த்து, "இன்னைக்கு யாரு ஜெயிக்கிறா?" என்று கேட்பார்.

ஏறுவது சீக்கிரம் சரியாகிவிட்டது. இறங்குவதுதான் நகரவில்லை. நல்ல கால் 'டக்' என்று விழும். அப்புறம் ஒரு மூச்சு. பிறகு மற்றது 'சர்ர்' என்று இழுபடும். என் தோளில் அவள் நகங்கள் பதியும். நான் பையின் கனத்தைக் குறைத்துப் பார்த்தேன். பலனில்லை.

ஒரு காலையில் நான் கட்டி வைத்த பையை யாரோ பிரித்துத் திரும்பக் கட்டியிருந்தார்கள்.

"யாரு இப்படி லோடு ஏத்துனது? தையற்காரம்மா ரொட்டி அடியில கிடந்து நசுங்குது. கிடங்குல இப்படிச் செஞ்சா கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிடுவாங்க."

"நான்தான்," என்றாள் கொக்கு.

"தலைகீழா இருக்கு."

"ஏறும்போது எனக்கு வலிக்கறதே இல்ல மாமா. இறங்கும்போதுதான் உயிர் போகுது. நீ பாட்டுக்கு மேல போறதுக்குள்ள எல்லாத்தையும் காலி பண்ணிட்டு, ஒரே மூச்சா என்னைக் கீழ இறக்கற. எல்லாத்தையும் மேல கொண்டுபோய்ட்டா, இறங்கறப்ப ஒவ்வொரு மாடியிலயும் நின்னு கொடுக்கலாம்ல?"

"அதை வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"எப்பச் சொல்றது? நீதான் தூங்கிக்கிட்டே இறங்கறியே."

"மாமா அவுட்!" என்று கத்தினான் ரேடியோ.

அவுட்தான். நான் கனத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எங்கே நிற்பது என்று பார்த்திருக்கிறாள். கிடங்கில் எத்தனையோ மேற்பார்வையாளர்களைப் பார்த்துவிட்டேன், ஒருவருக்கும் இந்த யோசனை வந்திருக்காது. இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். ரொட்டியை மட்டும் தனிப் பையில் மாட்டிவிட்டேன்.

அதன் பிறகு அவள் ஒவ்வொரு வாசலிலும் நின்று, மணி அடித்து, சாமானை வைத்துவிட்டு, கொஞ்சம் வம்பளந்து இறங்கினாள். நாளாக ஆக வம்பு குறைந்தது. என் தோளில் இருந்த கையும் கனமில்லாமல் போனது.

பள்ளிக்கூடம் திறக்கப்போகிற சமயத்தில் ஒருநாள் காலையில் அக்கா வந்தாள். வார்டிலிருந்து வருவதால் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன.

"என்னடா, எலும்பும் தோலுமா நிக்கற?"

"தூக்கமில்ல."

"அவ கால் எப்படிடா இருக்கு?"

"நீயே பாரு."

எங்கள் படிக்கட்டுக்குத் தெருப்பக்கம் முழுக்கக் கம்பி வலை. கேட்டிலிருந்து பார்த்தால் ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள் எல்லோரும் தெரிவார்கள். கொக்கு பையை முதுகில் மாட்டினாள். நான் செருப்பைத் தேடினேன்.

"நீ வராத மாமா."

"இறங்கும்போது தோளுக்கு என்ன பண்ணுவ?"

"வேணாம். நீ கூட வந்தா நீதான் இறக்கிவிட்டேன்னு அம்மா நினைப்பாங்க. கதவைப் பூட்டிட்டுத் தூங்கு, போ."

அவள் வெளியே போனதும் கதவைச் சாத்தினேன். சாவியில் கை வைத்தபடி அப்படியே நின்றேன். காலடிகள் மேலே போயின. கேட்டருகே ரேடியோ தன் அம்மாவுக்கு வர்ணனை செய்துகொண்டிருந்தான். பல் டாக்டர் வீட்டு மணி அடித்தது. அவள் இறங்கத் தொடங்கியதும் ரேடியோ பேச்சை நிறுத்திவிட்டான்.

டக், டக், டக். எது நல்ல கால், எது உடைந்த கால் என்று சத்தத்தில் தெரியவில்லை. போட்டோக்காரர் வீட்டு மணி. டக், டக், டக். தையற்காரம்மா வீட்டு மணி. கடைசிப் படிகளில் சத்தம் இன்னும் வேகமானது.

"ஏய், மெதுவாடீ!" என்று தெருவிலிருந்து கத்தினாள் அக்கா.

அந்தக் கோடையில் அவளை யாரும் மெதுவாகப் போகச் சொன்னதில்லை.

சாவியைத் திருப்பிக் கதவைப் பூட்டினேன்.