சூடு காட்டும் முள்

மூத்த மாப்பிள்ளைக்கு மாமியார் மேல் எந்தக் குறையும் இருந்ததில்லை, இளைய மாப்பிள்ளை வந்து சேரும்வரை.

மாமியார் பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் போன பிறகு அவருடைய பழைய காரைத் தானே ஓட்டிக்கொண்டு, யார் வீட்டிலும் போய் ஒட்டாமல் தனியாக இருந்தார். மூத்தவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஒன்பது வருஷமாக அந்த வீட்டுக்கு அவர்தான் ஒரே மாப்பிள்ளை. அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே மின்விசிறி சுழலும், நாற்காலி துடைத்துப் போடப்படும், "வாங்க மாப்பிள்ளை" என்று குரல் வரும். இதைத்தான் அவர் பாசம் என்று நினைத்திருந்தார்.

சின்ன மகளைக் கட்டிய ஏசி மெக்கானிக் வந்த பிறகுதான் பாசம் வேறு மாதிரி இருக்கும் என்று தெரிந்தது. அவனை மாமியார் "தம்பி" என்றார். நீ, வா, போ என்றார். பரண் மேல் ஏறச் சொன்னார். அவன் சமையலறைக்குள் புகுந்து சட்டியிலிருந்தே அள்ளித் தின்றான். அவர் கரண்டியால் அவன் கையில் ஒன்று போட்டுவிட்டுச் சிரித்தார். மூத்தவருக்கு அந்தச் சமையலறையில் ஜன்னல் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது.

இந்த நிலையில்தான் கார் சூடாக ஆரம்பித்தது. டாஷ்போர்டில் இருந்த பழைய முள் எப்போதும் பாதியில் நின்று எல்லாம் நலம் என்றே சொன்னது. ஒருநாள் நடுரோட்டில் ரேடியேட்டர் கொதித்து ஆவி கக்கியது. நல்ல ஒர்க்‌ஷாப்பில் விடலாம் என்றார் மூத்தவர். மாமியார் மரியாதையாகத் தலையாட்டினார். இளையவன் வந்து, கரண்டே தேவைப்படாத மீட்டர் ஒன்று இருக்கிறது, முதலில் உண்மையான சூட்டைப் பார்ப்போம் என்றான். "அப்ப மாட்டு" என்றார் மாமியார். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை இளையவன் மீட்டரோடு வந்தான். ஒரு டயல், அதிலிருந்து கம்பி போல மெல்லிய நீளமான செம்புக் குழாய், அதன் நுனியில் விரல் பருமனில் பித்தளைக் குமிழ். மூன்றும் பிரிக்க முடியாத ஒரே பொருள். குமிழ் சூடானால் உள்ளே அடைத்திருக்கும் ஈதர் திரவம் விரிந்து முள்ளைத் தள்ளும். குழாயை வெட்டவும் கூடாது, மடக்கவும் கூடாது. ஒடிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். குமிழைக் கொதிக்கிற வெந்நீரில் முக்கிக் காட்டினான். முள் சரசரவென்று ஏறியது. தெர்மாமீட்டரோடு ஆயுளைக் கழித்த மாமியார், "காய்ச்சல் நல்லாவே அடிக்குது தம்பி" என்று சொல்லிக் குலுங்கிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை மூத்தவர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். அப்புறம் உட்கார முடியவில்லை. தானும் வருவதாக எழுந்தார். உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று மாமியார் தடுத்ததில் அவருக்கு இன்னும் எரிந்தது.

ஆறிக் கிடந்த இன்ஜினிலிருந்து, அதைக் குளிர்விக்கும் கூலண்டைக் கீழே பேசினில் வடித்தார்கள். இளையவன் பழைய சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் பித்தளை இணைப்பைத் திருகினான். டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் தகட்டின் துளையில் ரப்பர் வளையம் போட்டு, காருக்குள்ளிருந்து குமிழை இன்ஜின் பக்கம் நுழைத்தான். டயலையும் மீதிக் குழாயையும் முன்சீட்டில் உட்கார்ந்திருந்த மூத்தவர் மடியில் வைத்துவிட்டு, "வளையாம கொஞ்சம் கொஞ்சமா விடுங்கண்ணா" என்று சொல்லி முன்பக்கம் போனான்.

திறந்த பானெட்டுக்குக் கீழே ஓர் இடுக்கு. அதன் வழியே மாமியார் தெரிந்தார். இரண்டு கையும் கிரீஸாக இருந்த இளையவனின் வாயருகே டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க வைத்துக்கொண்டிருந்தார். சட்டையில் கொட்டியதற்குத் திட்டினார். பெற்ற பிள்ளையைத் திட்டுகிற திட்டு.

மூத்தவரின் கட்டைவிரல் டயலுக்குப் பின்னால் குழாயை அழுத்தியது. சின்னஞ்சிறு ஸ்குரூவைக் கண்ணாடிக் காலில் மாட்டும் விரல். தவறுதலாக எதையும் செய்யாது. குழாய் மடங்கி, முறிந்தது. லேசாக ஒரு தித்திப்பு வாசனை வந்தது. அவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

கூலண்டை ஊற்றி இன்ஜினை ஓடவிட்டார்கள். ரேடியேட்டர் குழாய் கை வைக்க முடியாதபடி கொதித்தது. முள் அசையவே இல்லை. மாமியார் காருக்குள் தலையை நீட்டி மூக்கை உறிஞ்சினார்.

"என்ன, அந்தக் காலத்து ஆபரேஷன் தியேட்டர் மயக்கமருந்து வாசனை அடிக்குது?"

இளையவன் டயலைத் திருப்பினான். மடிப்பைப் பார்த்தான். மூத்தவரை ஒரு முறை பார்த்தான்.

"நான்தான் அத்தை, அவசரத்துல இழுத்து ஒடிச்சிட்டேன்."

ஒருமுறையாவது அவன் மூக்கு உடையட்டும் என்றுதானே செய்தது? மாமியாரோ தோளில் கிடந்த துண்டால் அவன் கன்னத்துக் கிரீஸைத் துடைத்து, போனால் போகிறது, வந்து சாப்பிடு என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். மூத்தவர் காருக்குள்ளேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். செய்த காரியத்துக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அவன் காட்டிக் கொடுக்காதது தாங்கவில்லை. அந்தப் பெருந்தன்மையும் அவனுக்குத்தானா கிடைக்க வேண்டும்?

அந்த வாரம் கடையில் வேலையே ஓடவில்லை. ஒரு பெரியவருக்கு இன்னொருவர் கண்ணாடியைக் கொடுத்தனுப்ப, அவர் படி தெரியாமல் திரும்பி வந்தார். கடைசியில் மூத்தவர் அதே மாதிரி மீட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு இளையவனைத் தேடிப் போனார். அவன் ஓர் அலுவலகக் கட்டடத்தின் மொட்டைமாடியில், வரிசையாக இரைந்த ஏசி பெட்டிகளுக்கு நடுவே மண்டியிட்டிருந்தான்.

"அத நான்தான் ஒடிச்சேன். வேணும்னேதான்."

"தெரியும்ணா. தினமும் இந்தக் குழாயோடதான் மாரடிக்கிறேன். இழுத்து ஒடிஞ்சது வேற, அமுக்கி ஒடிஞ்சது வேற."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். இளையவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"சொன்னா நம்பிருப்பாங்களா? அவங்களுக்கு நீங்கன்னா ஒரு இது. வீடு பூசணுமா, மூத்த மாப்பிள்ளைய ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். பல்லு புடுங்கணுமா, மூத்த மாப்பிள்ளைய கேட்டுக்கறேன். எங்கிட்ட ஒரு நாளும் எதையும் கேட்டதில்ல. பரண்ல ஏத்துவாங்க, அவ்வளவுதான். எனக்கும் வயிறு எரியும்ணா."

மூத்தவருக்கு இது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஓரளவு இருந்தது. ஆனாலும், பல் பிடுங்க யோசனை கேட்கிற மரியாதையை எடுத்துக்கொண்டு அந்த டம்ளர் தண்ணீரைத் தருவானா என்று கேட்கத் தோன்றியது. கேட்காமல், வாங்கி வந்த மீட்டரை அவனிடம் நீட்டினார்.

அடுத்த ஞாயிறு இருவரும் சேர்ந்து மாட்டினார்கள். மீதிக் குழாயை அகலமான வளையமாகச் சுற்றிக் கட்டினார்கள். ஓட்டிப் பார்க்க மாமியார் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். மாப்பிள்ளைதான் முன்னால் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டார். பின்னால் ஏறிய இளையவன் இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டினான். உடனே அவனுக்கும் மாமியாருக்கும் பேச்சு பிடித்துக்கொண்டது. பழைய ஆஸ்பத்திரிக் கதை ஒன்றை மாமியார் தோளுக்கு மேல் அவனுக்குச் சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

மூத்தவர் முள்ளைப் பார்த்தார். எழுபது. எண்பது. நெரிசலில் கார் நின்று நின்று போனபோது தொண்ணூற்றைத் தாண்டி ஏறியது.

"அத்தை, தொண்ணூத்தி எட்டு. இன்னும் ஏறுது. ஃபேன் சத்தமே கேக்கல, சுத்தலன்னு நினைக்கிறேன்."

மாமியார் கதையை நிறுத்தி, ஓரமாகக் காரை ஒதுக்கி இன்ஜினை அணைத்தார். இளையவன் இறங்கிப் போய், கழன்றிருந்த ஃபேன் ஒயரைச் செருகினான். மறுபடி கிளப்பியதும் முள் இறங்கியது.

"நல்ல வேளை பாத்தீங்க மாப்பிள்ளை. சொல்லிக்கிட்டே வாங்க" என்றார் மாமியார். அப்புறம் பின்பக்கம் பார்த்து, "எங்க விட்டேன் தம்பி?" என்றார்.

எங்கே விட்டார் என்று மூத்தவருக்கும் தெரியும். இளையவன்தான் எடுத்துக் கொடுத்தான். கதை தொடர்ந்தது. எண்பத்தெட்டு என்றார் மூத்தவர், சற்று உரக்கவே.