மிளகு அடங்காத மணிக்கட்டு

மஸ்கட்டின் முத்ராஹ் கடைவீதியில் அத்தர் கடை வைத்திருந்த ஜுவைனாவுக்கு அண்ணன் ஹமூதைக் கண்டாலே ஆகாது. ஊருக்கு அவன் தங்கக்கம்பி. நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தால் அப்பாவின் காலைப் பிடித்துவிடுவான். அவர்கள் எழுந்து போனதும் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொள்வான்.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். அன்று அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியது ஹமூதின் முறை. பொழுது சாய்ந்ததும் அப்பா வீட்டுக்குள் நுழைந்தவன், பெரியம்மா ரய்யாவின் நெற்றியில் முத்தமிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டான்.

"காலையிலேர்ந்து அப்பா பக்கத்துலயே இருந்தேன் பெரியம்மா. நேரா அங்கேர்ந்துதான் வர்றேன். பச்சத்தண்ணிகூடக் குடிக்கல."

"பெத்தா உன்ன மாதிரி ஒருத்தனப் பெக்கணும்டா!" பெரியம்மா உருகிப்போனாள். அல்வாத் தட்டு அவன் பக்கம் நகர்ந்தது.

ஜுவைனா காபி ஊற்றக் குனிந்தாள். கிண்ணத்தை வாங்க அவன் நீட்டிய கையிலிருந்து மிளகு சுரீரென்று மூக்கில் ஏறியது. பின்னாலேயே ஏலம். பெருநாளுக்கென்று அவளே கலந்து கொடுத்த வாசனை. தோலில் பட்டதும் முதலில் மிளகுதான் துள்ளும். ஒரு கூஜா காபி தீர்வதற்குள் அடங்கிவிடும். அப்புறம் உடம்புச் சூட்டில் கிராம்பும் குங்குமப்பூவும் மெல்ல விரியும். அவ்வளவுதான் என்று நினைக்கும் நேரத்தில் அடியிலிருந்து சந்தனமும் அகிலும் கிளம்பும்; அடுத்த குளியல்வரை தோலை விட்டுப் போகாது. காலையில் பூசியவன் மேல் இந்நேரம் கட்டை மணம்தான் இருக்கவேண்டும்.

ஒழுங்காகப் பொய் சொல்லக்கூட மெனக்கெடாத சோம்பேறி. அவளுக்குக் கோபம் வரவில்லை. செருப்பில் ஒட்டிக்கொண்டதைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"இத எப்பண்ணே பூசின?"

"காலையில, கெளம்பும்போது."

அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பெரியம்மாவின் மூக்கருகே கொண்டுபோனாள். பெரியம்மா தும்மினாள்.

"காலையில பூசினது இப்பத் தும்மல் வரவைக்குமா பெரியம்மா? தொர தன் வீட்ல நல்லாத் தூங்கி எந்திரிச்சு, குளிச்சு, மணக்க மணக்க வந்திருக்காரு."

"வழியில... வண்டியில லேசாத் தடவினேன்."

"அப்ப அடியில பழைய அகில் வாசன இருக்கணுமே. எங்க? தேடிக் குடு பாப்போம்."

ஹமூத் அல்வாவைப் பார்த்தான்.

"விடுடி," என்றாள் பெரியம்மா. "ஆம்பளப் பிள்ளைக்கு ஆயிரம் சோலி இருக்கும். நீ சாப்பிடுப்பா."

அவன் சாப்பிட்டான். இரண்டு பேரையும் ஒரே பார்வையில் அளந்துவிட்டு ஜுவைனா கார்ச் சாவியை எடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் மத்தியானம் வைத்த சூப் ஆடை படிந்து அப்படியே இருந்தது. ஊட்டிவிட ஆளில்லை.

"ஹமூத் வந்துட்டுப் போனானாம்மா? நாந்தான் தூங்கிட்டனோ?" என்று கேட்டார் அப்பா.

ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவனுக்காகத் தன் நாக்கை அழுக்காக்கிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

"வரலப்பா. வீட்ல அல்வா தின்னுக்கிட்டிருக்கான்."

அப்பா சூப் கிண்ணத்தைக் காட்டினார்.

"சரி. அதச் சூடு பண்ணிக் குடு. பசிக்குது."

மறுநாள் அவள் கடையில் இருந்தபோது ஹமூத் போன் செய்தான். "அப்பாகிட்ட ஏதாவது சொல்லிட்டியா? நேத்து எனக்குத் தலைவலிம்மா, அதான்..."

ஜுவைனா போனை அணைக்கவில்லை. அவனைப் பேசவிட்டு மேசைமேல் வைத்துவிட்டு, வாடிக்கையாளருக்குச் சாம்பிராணி நிறுக்கப் போனாள்.