தவசியின் எருமையும் என் கோழியும்

எங்கள் ஊரில் பரீட்சைப் பயத்தை வாய் வழியாக வெளியே எடுத்து, கொட்டிலில் கட்டிவைப்போம். பத்தாம் வகுப்புக்கு ட்ரில் மாஸ்டர் ஆசீர்வாதம் அதைச் சொல்லிக்கொடுப்பார். வேப்பமரத்தடியில் கண்ணை மூடி உட்கார வேண்டும். கைவிரல்களை இறுக்கி மடக்கி, அப்புறம் தளர்த்த வேண்டும். தோளைத் தொங்கவிட்டு, மூக்கால் மெல்ல மூச்சை வயிறு உப்பும்வரை இழுத்து நிறுத்தி, வாயால் விட வேண்டும். பயம் வந்து தரையில் நிற்கும். அவரவர் பயத்தை அவரவர் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவோம்.

எனக்கு வந்தது கோழி. அதுவும் முட்டையிடாத கோழி. அடுத்த வீட்டுத் தவசிக்கு எருமை வந்தது. மறுநாளே கறவைக்கு நின்றது.

நம்பினால் நம்புங்கள், அந்தப் பாலில் நான் காப்பி குடித்திருக்கிறேன். கள்ளிச்சொட்டு மாதிரி கெட்டியாக இருக்கும். தொண்டையில் இறங்கும்போது மட்டும் அல்ஜீப்ரா லேசாகக் கரகரக்கும். மற்றபடி ஒரு குறையும் சொல்ல முடியாது. குறை சொல்ல முடியவில்லையே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

தவசியின் அம்மா செண்பகம் அத்தை தினமும் செம்போடு வந்து நிற்பாள்.

"இந்தாங்க மதினி, தவசி பயத்துல கறந்தது. ஒங்க மவனது என்ன செய்யிது?"

"கொத்துது" என்பாள் அம்மா.

அத்தை போனதும் என் பக்கம் திரும்புவாள். "ஏல, அவனும் சோறுதான திங்கான்? எவ்வளவு ஒழுங்கா பயப்படுதான் பாரு!"

எனக்கு ஒரு யானையாவது வர வேண்டும் என்று ஆசை. அம்மா அதைத் தெருவில் நிறுத்திக் காட்டுவாள். பயம் பெரிதாகட்டும் என்று புத்தகத்தையே தொடாமல் இருந்தேன். ஆனால் தவசியின் எருமையைப் பார்க்கப் பார்க்க எனக்குள் ஊறியது வேறு.

கணக்குப் பரீட்சை அன்று காலை எங்கள் கொட்டிலில் உட்கார்ந்தேன். விரல்களைத் தளர்த்தினேன். மூச்சை இழுத்தபோது பக்கத்து வீட்டுச் சாண வாசனை வந்தது. வாயால் விட்டேன்.

வந்து நின்றது என் பொறாமை. என் உயரம், என் முகம், எண்ணெய் வைத்து வாரிய தலை. என் சட்டையைக் கழற்றித் தரச் சொல்லிப் போட்டுக்கொண்டது. ஹால் டிக்கெட்டையும் ஜாமெட்ரி பாக்ஸையும் எடுத்துக்கொண்டு, "தவசி கெளம்பிட்டானா?" என்று கேட்டபடியே ஓடியது.

அம்மா வாசலில் நின்று ஓடுகிறவனைப் பார்த்தாள். கொட்டிலில் உட்கார்ந்திருந்த என்னையும் பார்த்தாள். பரீட்சைக்குப் போகிறவன் மகன். கொட்டிலில் இருப்பது பயம். கயிற்றை எடுத்து என் இடுப்பில் கட்டினாள்.

செண்பகம் அத்தை வந்தாள். "என்ன மதினி, புதுசா இருக்கு?"

"எம்மவன் பயம்."

"கறக்குமா?"

"கறக்காது. பேசும்."

அத்தை உதட்டைப் பிதுக்கினாள். அம்மா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"வாங்க அத்தை" என்றேன்.

அத்தையின் முகம் சுருங்கிவிட்டது. பாலை ஊற்றாமலே திரும்பிப் போனாள். சற்று நேரத்தில் அவர்கள் கொட்டிலிலிருந்து, "பேசு மூதேவி, பேசு!" என்று சத்தம் கேட்டது.

அம்மா என் தலையைத் தடவிக்கொடுத்தாள். எத்தனையோ காலமாயிற்று அவள் அப்படிச் செய்து. பிறகு உள்ளே போய்ப் பிண்ணாக்கு கரைத்துக்கொண்டு வந்தாள். வெல்லம் தட்டிப் போட்டிருந்தாள்.