ஒரே இடத்தில் வரும் சொல்

கரண்டியில் இருந்த தண்ணீரில் பாதி அப்பாவின் கழுத்தில்தான் வழிந்தது. மகள் துண்டால் துடைத்துவிட்டு அடுத்த கரண்டியை நீட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நான் எழுதின அகராதியை எடு. நானூத்திப் பன்னெண்டாம் பக்கம்.”

ஐந்து நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, பிடிவாதத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை. இறையியல் கல்லூரியில் முப்பது வருடம் எபிரேயம் சொல்லிக்கொடுத்தவர். மாணவர்கள் அவரையே ‘அகராதி’ என்றுதான் சொல்வார்கள், இரண்டு அர்த்தத்திலும். இப்போது அந்த வகுப்பை எடுப்பவள் மகள்.

பக்கத்தை விரித்தாள். கொப்பேர். பெருவெள்ளத்துக்கு முன் கடவுள் பேழை செய்யச் சொன்ன மரத்தின் பெயர். வேதம் முழுக்கத் தேடினாலும் அந்த ஒரு வசனத்தைத் தவிர வேறெங்கும் வராது. சைப்ரஸ் மரம் என்பார்கள் சிலர். அதே வசனத்தில் பேழைக்குப் பூசச் சொன்ன கீலை, அதாவது தாரைக் குறிக்கும் சொல்லோடு முடிச்சுப் போடுவார்கள் சிலர். எல்லாமே ஊகம். அப்பா மட்டும்தான் அடித்துச் சொல்லியிருந்தார்: ‘ஊறவைத்து வளைத்த பலகை. பழைய களிமண் ஏடு ஒன்றில் இதே வேர்ச்சொல் காணப்படுகிறது.’

வாசித்து முடித்தாள்.

“அப்படி ஒரு ஏடே இல்லம்மா.”

“என்னப்பா சொல்றீங்க?”

“நானா எழுதினது. மறுநாள் அச்சுக்குப் போகணும், அந்த ஒரு இடம் மட்டும் காலியா கிடந்துச்சு. தெரியாதுன்னு எழுதக் கை வரல.” மூச்சு வாங்கினார். “என் அடக்கத்துக்கு எல்லாரும் வருவாங்கல்ல, அப்ப நீ சொல்லிடு.”

பதினொரு வருடமாக அந்த ஏட்டைப் பற்றி அவளும் வகுப்பில் முழங்கியிருக்கிறாள். சாகக் கிடப்பவரிடம் கோபப்படக் கூடாதுதான். வந்துவிட்டது.

“இத்தனை வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப என் தலையில கட்டுறீங்களா?”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மதியத்துக்குள் போய்விட்டார். அவரிடம் கடைசியாகப் பேசியது அதுதான் என்பது, சாயங்காலம் அவர் சட்டைகளை மடிக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

பக்கத்து அறையில் அம்மா அவருடைய கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அப்பா காலையில ஒண்ணு சொன்னார்.”

“கேட்டுச்சு. எனக்கென்ன காது செவிடா?” இஸ்திரிப்பெட்டி நிற்கவில்லை. “அந்தப் புத்தகம் பூரா டைப் அடிச்சவ நான். காலி இடத்தைப் பாத்துட்டு, ‘எதையாவது எழுதித் தொலைங்க, எனக்குக் கை வலிக்குது’ன்னு சொன்னதும் நான்தான்.”

“அப்ப உனக்குத் தெரியுமா?”

“நாளைக்கு நீ வாயைத் திறக்காத. ஊர் சிரிக்க அவரை அனுப்பி வச்சேன்னா, அப்புறம் என் முகத்துல முழிக்காத.”

மறுநாள் கல்லூரி ஆலயத்தில் உட்கார இடமில்லை. மகள் இரண்டு பக்கத்துக்கு உரை எழுதி வைத்திருந்தாள். அதில் கொப்பேர் இல்லை.

முதல்வர் முதலில் பேசினார். துக்க வீட்டிலும் மைக்கைக் கண்டால் விடாத மனுஷர். “யாருக்குமே தெரியாத ஒரு சொல்லுக்குப் பொருள் கண்டுபிடிச்சவர் நம்ம அகராதி! ஊறவைத்து வளைத்த பலகை! அவரையும் ஆண்டவர் அப்படித்தான் வளைச்சார்!”

“ஆமென்” என்றது பாதிக் கூட்டம். இந்த வருடம்தான் சேர்ந்திருந்த மாணவி ஒருத்தி பையிலிருந்து நோட்டை எடுத்து அதைக் குறித்துக்கொண்டாள். மகள் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளை அழைத்தார்கள். மைக் முன்னால் போய் நின்றாள்.

“முதல்வர் சொன்னது தப்பு. அப்படி ஒரு களிமண் ஏடு கிடையாது. தெரியாததைத் தெரியும்னு எழுதிட்டேன், எல்லார்கிட்டயும் சொல்லிடுன்னு அப்பா நேத்து சொன்னார். நானும் அதையேதான் உங்களுக்குப் பாடம் எடுத்தேன். கொப்பேர்னா என்னன்னு எங்களுக்குத் தெரியாது.”

யாரோ இருமினார்கள். முதல்வர் தன் ஷூவைப் பார்த்தார். கையிலிருந்த இரண்டு பக்கத்தையும் படிக்காமலே அவள் இறங்கினாள்.

முன்வரிசைக்கு வந்தபோது அவள் நாற்காலியில் அம்மாவின் கைப்பை இருந்தது. அம்மா சவப்பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மகள் நின்றுகொண்டே இருந்தாள். பாட்டுக்காக எல்லோரும் எழுந்தார்கள், பாடி முடித்து உட்கார்ந்தார்கள்.

அம்மா கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.