காற்றுக் குழாயில் இருந்த துணி

ராஜராஜன் அந்த வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் அவர் மனைவி மங்களாம்பிகை கைவேலையைப் போட்டுவிட்டு வந்தாள். டிராக்டர் கொட்டகை மூலையில், தார்ப்பாய்க்குக் கீழே, இருபத்தெட்டு வருஷமாகக் கிடந்த வண்டி. மேட்டிலும் பள்ளத்திலும் பாய்ந்து ஓடுவதற்கென்றே செய்த ஜப்பான் மோட்டார் பைக். அதிராம்பட்டினத்தில் யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்ததை, கல்யாணத்துக்கு முந்தின வருஷம் அவர் வாங்கியிருந்தார்.

சென்னையில் கவிப்ரியா என்று ஒரு பெண். பழைய பந்தய வண்டிகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவள். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லி, புது ஏர் ஃபில்டர் ஒன்றைக் கூரியரில் அனுப்பியிருந்தாள். "முதல்ல பழசை எடுத்துட்டு இதை மாட்டுங்க சார், அப்புறம் கிக் அடிங்க" என்று போனில் சொன்னாளாம்.

"நீங்க எதுக்குக் குனிஞ்சு நிமிந்துக்கிட்டு? மெக்கானிக்கைக் கூப்பிடக் கூடாதா?" என்றாள் மங்களாம்பிகை.

"மெக்கானிக்கா? ஒருத்தனை நம்பினது போதாதா?" என்று தன் இடது காலைத் தட்டிக் காட்டினார். தொடை எலும்பு கோணலாகச் சேர்ந்த கால். அந்தக் காலை ஊன்றும்போதெல்லாம் உடம்பு சாய்ந்துதான் நடப்பார்.

அந்த ஒருத்தன் தியாகேசன். திருத்துறைப்பூண்டியில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். பந்தயத்துக்கு முதல் நாள் வண்டியைப் பார்த்துக் கொடுத்தது அவர்தான். தஞ்சாவூருக்கு வெளியே ஒரு தரிசில் பந்தயம். மண்மேட்டில் ஏறி வண்டி அந்தரத்தில் எழும்பிய நேரம், இன்ஜின் மூச்சடைத்து நின்றது. ராஜராஜன் தலைகுப்புற விழுந்தார். ஆஸ்பத்திரி வாசலில் ராஜராஜனின் அப்பா தியாகேசனை அறைந்தார். எதிராளியிடம் கை நீட்டிக் காசு வாங்கிவிட்டான் என்று ஊர் பேசியது. "வண்டியைத் திறந்து பாருங்கய்யா, ஒருதரம் திறந்து பாருங்க" என்று அவர் கெஞ்சியதை யாரும் காதில் வாங்கவில்லை. ஒரு வருஷத்துக்குள் ஒர்க்‌ஷாப்பை மூடினார். இப்போது கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை தூக்குகிறார். இவர்கள் வீட்டு நெல்லும் அவர் தோளில்தான் ஏறும். ஒவ்வொரு அறுவடைக்கும் ராஜராஜன் அவர் காதுபட ஏதாவது சொல்லாமல் திரும்பியதில்லை.

ராஜராஜன் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். உள்ளே பஞ்சு ஃபில்டர் தொட்டதும் காய்ந்த ரொட்டித் தூளாக உதிர்ந்தது. விரலால் வழித்துப் போட்டார். பெட்டியைப் பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்தார். பிறகு, ஃபில்டரிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய்க்குள் விரலை விட்டபோது ஏதோ தட்டுப்பட்டது. குறடு ஒன்றை எடுத்து உள்ளே விட்டு இழுத்தார்.

கறுத்துச் சுருண்ட ஒரு துணி வந்தது.

"பாத்தியா!" அவர் குரல் கொட்டகையில் மோதியது. "பாத்தியாடி மங்களம்! தொடைச்ச துணியை உள்ளயே வெச்சு மூடியிருக்கான். முழு வேகத்துல போறப்ப அது போய் கார்புரேட்டர் வாயை அடைச்சிருக்கு. அன்னிக்குப் பந்தயம் நடத்தினவனுங்க ஆதாரம் இல்லேன்னானுங்க. இப்பவே போறேன். அத்தனை பேரு முன்னாடி அவன் மூஞ்சில விட்டெறியறேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மங்களாம்பிகை வழியில் போய் நின்றாள்.

"அது அவரோட துணி இல்லைங்க."

"பின்னே?"

"என் ரவிக்கைத் துணி. நான்தான் வெச்சேன்."

அவர் துணியைப் பிரித்தார். எண்ணெய்க் கறைக்கு நடுவே ஒரு விரற்கடை அளவுக்கு வாடாமல்லி நிறம் தெரிந்தது.

"இதுதான் வண்டிக்கு மூக்கு, இதை அடைச்சா நகராதுன்னு அவர் உங்ககிட்ட சொல்லிக்கிட்டிருந்தாரு. நான் காபி கொண்டாந்தப்ப கேட்டேன். ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் மூடியைத் திறந்து திணிச்சேன், கிளம்பாதுன்னு நெனச்சேன். கிளம்பிடுச்சு."

"போகாதேன்னு வாயால சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேங்க. மூணு நாளு அழுதேன். கட்டின புதுசுல பொம்பளைங்க அப்படித்தான் அழுவாங்கன்னு உங்கப்பாகிட்ட சொல்லிச் சிரிச்சீங்க."

அவர் வண்டியின் சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அடிப்பார் என்று நினைத்தாள். அடித்திருந்தால்கூடத் தேவலாம்.

"வாங்க, ரெண்டு பேரும் போய் அவர்கிட்ட சொல்லிடுவோம்."

"என்னன்னு சொல்றது? எம்பொண்டாட்டிதான் என் காலை ஒடச்சான்னா? இருபத்தெட்டு வருஷம் அவனைப் பேசிட்டேன். இனிமே என்னத்தைப் போய்..." துணியைக் கீழே போட்டார். "வாயை மூடிக்கிட்டு இரு. இதுவரைக்கும் இருந்தேல்ல?"

புது ஃபில்டரில் எண்ணெய் விட்டு, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே பிழிந்து, பெட்டிக்குள் பொருத்தினார். ஒவ்வொரு திருகையும் நிதானமாக முடுக்கினார். அவள் பக்கம் திரும்பவேயில்லை.

மங்களாம்பிகை துணியை எடுத்துக்கொண்டு நடந்தாள். வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போது பின்னால் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

கொள்முதல் நிலையத்தில் தியாகேசன் மூட்டை அடுக்கின் நிழலில், தலைப்பாகையை அவிழ்த்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தோளில் மூட்டை அழுத்திய இடம் காய்த்துப் போயிருந்தது. அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். துணியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"ஆஸ்பத்திரியில ஐயா என்னை அடிச்சப்ப எல்லாரும் என்னையத்தான் பாத்தாங்க. நீங்க மட்டும் தரையைப் பாத்துக்கிட்டு நின்னீங்க. பாவம், புதுப் பொண்ணு, பயந்துடுச்சுன்னு நெனச்சேன்."

"என்னை என்ன வேணா சொல்லுங்கண்ணே."

"எனக்கு எதுக்கும்மா சொல்றீங்க? நான் வைக்கலேன்னு எனக்குத்தான் தெரியுமே." அவர் குரல் உயரவில்லை. "காளியம்மா, என் சம்சாரம், கேட்டுக்கிட்டே இருந்தா. 'நெசத்தைச் சொல்லுங்க, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், காசு வாங்கினீங்களா?'ன்னு. கண்ணை மூடறதுக்கு முந்தின வாரம்கூடக் கேட்டா. போன ஐப்பசியில போயிட்டா. அவகிட்ட சொல்லியிருக்கணும் நீங்க."

மங்களாம்பிகை நீட்டிய துணியை மடக்கிக்கொண்டாள். சுற்றிலும் பார்த்தாள். ஏழெட்டுச் சுமைக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னாள்: "தொண்ணூத்தேழுல பந்தயத்துல வண்டி நின்னதுக்கு இவர் காரணம் இல்லை. நான்தான். இவர் யாருகிட்டயும் காசு வாங்கலை."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "என்ன பந்தயம்க்கா?" என்று ஒருவன் கேட்டான். "தியாகேசண்ணன் வண்டியெல்லாம் ஓட்டுமா?" என்றான் இன்னொருவன். யாரோ சிரித்தார்கள். அவர்களில் யாருக்கும் முப்பது வயதுகூட இருக்காது.

தியாகேசன் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு எழுந்தார். "லாரி வந்துடுச்சும்மா. தள்ளி நில்லுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கவிப்ரியா வந்தாள். மூன்றாவது உதையில் வண்டி கிளம்பியதைப் பார்த்துக் குழந்தை மாதிரிக் கை தட்டினாள். "இவ்ளோ நல்ல வண்டியை ஏன் சார் அப்படியே போட்டுட்டீங்க?" என்று கேட்டாள். "மெக்கானிக் சரியில்லைம்மா" என்றார் ராஜராஜன். உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்த மங்களாம்பிகை டம்ளரைக் கீழே வைத்தாள். வெளியே வந்து, "மெக்கானிக் நல்லவருதாம்மா" என்றாள். அதற்கு மேல் அந்தப் பெண் கேட்கவில்லை; வாங்கிய வண்டியை வேனில் ஏற்றிக் கயிறு கட்டும் ஆட்களிடம் ஏதோ சொல்லப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ராஜராஜன் கொள்முதல் நிலையத்துப் பக்கமே போவதில்லை. விலை குறைந்தாலும் களத்துமேட்டிலேயே நெல்லை வியாபாரிக்குப் போட்டுவிடுகிறார். மங்களாம்பிகை வைக்கும் சோற்றைச் சாப்பிடுகிறார். பேச்சு மட்டும் இல்லை.